சோறு கடைசியில்தான் வரும்!

'காவேரிப்பட்டினம்' என்றதும் வெளியூர்க்காரர்கள் பத்து பேரில் எட்டு பேர், "ஓ... கோவலன் கண்ணகி ஊரா?" என்று கண்ணை விரிப்பார்கள். இல்லை ஸார். அது கடலோரத்துக் காவிரிப்பூம்பட்டினம். எங்க ஊர் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற ரோட்டில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. கடலும் கிடையாது, காவேரியும் கிடையாது. நிப்பட்டு உண்டு, மாம்பழம் உண்டு. 1767-ல் ஹைதர் அலியும் வெள்ளைக்காரனும் எங்க ஊர்க் கோட்டைக்காக அடித்துக் கொண்டார்கள். அதற்கப்புறம் இங்கே பெரிய சண்டை என்றால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத்தான்.

ஆனால் கடல் இல்லாத இந்தப் பட்டினத்துப் பக்கத்திலிருந்தும் சரக்கு கப்பல் ஏறுகிறது. ஒன்று மாங்கூழ். இன்னொன்று கல்!

கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி என்று சுற்று வட்டாரம் முழுக்க கிரானைட். பெங்களூர் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு லாரி, அதன் முதுகில் ஒற்றைக் கல், லாரி மாட்டு வண்டி வேகத்தில் போகும். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன் எடை. அப்புறம் எங்கே வேகம்? அந்தக் கல்லில் கணிசமான பங்கு சீனாவுக்குப் போகிறது. அங்கே பலகையாக அறுத்து, பாலீஷ் போட்டு, உலகம் பூராவும் விற்கிறார்கள்.

நான் அப்படிக் கல் அனுப்புகிற ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். கல்லைத் தூக்கத் தெரியாது, பில் போடத் தெரியும். இந்தப் பக்கத்தில் என்னைப் போல நிறைய பேர். ஓசூரில் மெஷின் ஷாப், பர்கூர் சிப்காட்டில் ஷூ கம்பெனி, எங்கே வேலை பார்த்தாலும் என்றைக்காவது ஒரு நாள் ஒரு சீனரோடு, அல்லது தைவான்காரரோடு, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டி வரும். பாலிடெக்னிக்கில் லேத் சொல்லிக் கொடுக்கிறார்கள், டேலி சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த மேசையில் எப்படி உட்காருவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கல்லும் கடனும்

சீனாவின் தென்கிழக்கே ஃபூஜியான் மாகாணம். அதில் சியாமென் என்று ஒரு துறைமுக நகரம். 2001-லிருந்து அங்கே கல்லுக்காகவே ஒரு பெரிய கண்காட்சி நடக்கிறது. வழக்கமாக மார்ச் மாசம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் கூடுகிற மாதிரி உலகத்துக் கல் வியாபாரிகள் எல்லாம் கூடுகிறார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களும் போவார்கள். பாஸ்போர்ட் பக்கம் பூராவும் சீன முத்திரை வாங்கிய முதலாளிகள் எங்க ஏரியாவில் உண்டு.

எங்கள் முதலாளி போன தடவை குவாரி மேனேஜரோடு என்னையும் கிளப்பினார். காரணம் கண்காட்சி அல்ல. ஒரு சீன வியாபாரிக்கு அனுப்பிய பன்னிரண்டு கல்லில் நாலில் மயிரிழை விரிசல் என்று சொல்லி, அவர் மொத்தப் பாக்கியையும் நிறுத்தி வைத்திருந்தார். குவாரி ஆட்களின் இரண்டு மாசக் கூலி அந்தப் பணத்தை நம்பி நின்றது. லாரி வாடகை, டீசல் பாக்கி எல்லாம் தனி.

"ஃபைலை எடுத்துக்கிட்டு நீயும் வா தம்பி. கணக்கை மூஞ்சிக்கு நேரா வெச்சுக் கேட்டுருவோம்" என்றார் முதலாளி.

பெங்களூரில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, சியாமென் போய் இறங்கினோம். முதலாளி பெட்டியில் விரிசல் ஃபோட்டோக்கள். மேனேஜர் பெட்டியில் ஊறுகாய். என் பெட்டியில் ஃபைலும் இரண்டு கிலோ நிப்பட்டும்.

ஃபைல் மூன்று நாள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நிப்பட்டு முதல் நாளே வந்து விட்டது.

டீ கொடுத்த ஊர்

ஏர்போர்ட்டுக்கு வந்திருந்த லாவ்பான் (சீனத்தில் 'லாவ்பான்' என்றால் முதலாளி. பெட்டிக்கடைக்காரரும் லாவ்பான்தான், மில் வைத்திருப்பவரும் லாவ்பான்தான். நம்ம ஊர் 'ஓனர்' போல) எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஜியா பா போய்?"

மொழிபெயர்க்க வந்திருந்த பெண் சிரித்துக் கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினார். இந்தப் பக்கத்து ஹொக்கியன் பேச்சில் அதற்கு அர்த்தம், 'சாப்பிட்டாச்சா?'

மேனேஜர் அசந்து போய் விட்டார். "அடடே! எங்க அத்தை கேக்கற மாதிரியே கேக்கறாரே!"

உண்மைதான். நாமும் அவர்களும் பார்த்தவுடன் வயிற்றைத்தான் விசாரிக்கிறோம். அங்கேயும் அது நலம் விசாரிப்புத்தான். 'ஆச்சு' என்று சொல்லி விட்டால் போதும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று பட்டியல் கொடுக்க வேண்டாம்.

ஆபீசுக்குப் போனால் நடுவில் ஒரு பெரிய மரப் பலகை. அதன் மேல் கெட்டில், கைக்கு அடக்கமான டீ பாட், கட்டை விரல் உயரத்துக்குக் கிண்ணங்கள். நம்ம ஊர் சிரார்த்தத்து உத்தரணியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். லாவ்பான் முதல் டீயைக் கிண்ணங்களின் மேல் ஊற்றிக் கழுவிக் கீழே விட்டார். "நல்ல டீயை ஏன் கொட்டறாரு?" என்று மேனேஜர் தவித்தார். அது இலையைக் கழுவுகிற தண்ணீர். இரண்டாவது ஊற்றுதான் நமக்கு. பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஒரு வாயில் முடிந்தது. உடனே நிரப்பினார். மறுபடி முடிந்தது. மறுபடி நிரப்பினார்.

ஒவ்வொரு தடவை ஊற்றும் போதும் அங்கிருந்தவர்கள் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டினார்கள். அதுதான் நன்றி. பேச்சு நடுவில் அறுந்து போகாமல் நன்றி சொல்ல ஒரு வழி. இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ச்சியென்லுங் என்ற சக்கரவர்த்தி மாறுவேஷத்தில் ஊர் சுற்றினாராம். டீக்கடையில் தன் கையாலேயே சேவகருக்கு டீ ஊற்றி விட்டாராம். விழுந்து கும்பிட்டால் வேஷம் கலைந்து விடுமே! அதனால் சேவகர் விரல்களை மடக்கி மேசையில் 'கும்பிட' வைத்தாராம். கதை நிஜமோ பொய்யோ, பழக்கம் சுலபம். நானும் தட்டினேன். லாவ்பான் முகத்தில் ஒரு சந்தோஷம்.

இன்னொரு விஷயம். 'டீ' என்ற சொல்லே இந்தக் கரையில் பிறந்ததுதான். இவர்கள் பேச்சில் அது 'தே'. இங்கிருந்து கப்பலில் போன இடமெல்லாம் 'தே', 'டீ' ஆயிற்று. தரை வழியே போன இடமெல்லாம் 'சா', 'சாய்' ஆயிற்று. நாம் 'தேநீர்' என்று தமிழில் எழுதி, தூய தமிழ் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோமே, அதில் பாதி சியாமென்!

நிப்பட்டைப் பையோடு இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு கையால் கொடுப்பது அங்கே மட்டு. விசிட்டிங் கார்டு கூட இரண்டு கையால்தான். "வேண்டாம், எதற்கு" என்று இரண்டு தரம் மறுத்தார். மூன்றாம் தரம் வாங்கிக் கொண்டார். சம்பந்தி வீட்டில் வெற்றிலைத் தட்டு வாங்குகிற அதே பிகு! வழக்கமாகப் பரிசை எதிரில் பிரிக்க மாட்டார்களாம். ஆனால் தின்பண்டம் என்று கேட்டதும் லாவ்பானுக்குப் பொறுக்கவில்லை. பிரித்துக் கடித்தார். மிளகாய் உறைத்தது. கடலை பிடித்தது. பத்து கிண்ணம் டீயோடு அரைக் கிலோ காலி.

விரிசல் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

வட்ட மேசை மாநாடு

சாயங்காலம் ஆறு மணிக்கே விருந்து. நம்ம ஊரில் அந்நேரம் போண்டா டைம். அங்கே ராத்திரிச் சாப்பாடே அப்போதுதான்.

தனி அறை. பெரிய வட்ட மேசை. வட்டம்தானே, எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. அழைத்தவர் வாசலைப் பார்த்து உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் முக்கிய விருந்தாளி. மற்றவர்கள் வரிசைப்படி. வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலி கடைசி மரியாதை. எனவே கல்யாணப் பந்தி மாதிரி துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற வேலை ஆகாது. 'இங்கே' என்று கை காட்டும் வரை நின்றால் தப்பே வராது. எனக்குக் கிடைத்தது வாசல் நாற்காலி. கணக்கப்பிள்ளைக்கு உலகம் பூராவும் அதே இடம்தான்.

மேசை நடுவில் கண்ணாடிச் சுழல் தட்டு. பதார்த்தங்கள் அதில் வரும். முக்கிய விருந்தாளி முன்னால் நிறுத்துவார்கள், அவர் எடுத்த பிறகு மெல்லச் சுற்றும். யாராவது எடுத்துக் கொண்டிருக்கும் போது சுற்றினால், பாவம், அவர் குச்சி மீனோடு ஊர்வலம் போய் விடும். தட்டில் தெரியும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் நல்ல துண்டைத் தோண்டித் தேடினால் மானம் போச்சு. இதுவும் நம்ம வீட்டில் பாட்டி சொல்வதுதான்.

முதலில் வந்தது வறுத்த நிலக்கடலை.

மேனேஜர் முகம் மலர்ந்தது. அப்புறம் குச்சியைப் பார்த்தார். மலர்ந்தது வாடியது. முப்பது வருஷமாக இருபது டன் கல்லைக் கிரேனில் அலுங்காமல் தூக்கி லாரியில் உட்கார வைக்கிற மனுஷர் ஸார்! ஒரே ஒரு கடலைப் பருப்பு அவரை ஏழு தடவை தோற்கடித்தது. எட்டாவது தடவை கடலை பறந்து போய் லாவ்பானின் டீக்கிண்ணத்தில் விழுந்தது. அறை குலுங்கச் சிரித்தார்கள். கூடவே ஒரு ஸ்பூன் வந்தது. ஸ்பூன் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. குச்சியை நேராகச் சோற்றில் குத்தி நிறுத்துவதுதான் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுகிற கோலம் அது. நம்ம ஊரில் சுப காரியத்தில் ஒற்றை விளக்கைத் தலைமாட்டில் வைப்போமா? அது போல. கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவதும் ஆகாது, பிச்சை கேட்கிற சத்தமாம். குச்சியால் ஆளைச் சுட்டிக் காட்டுவதும் ஆகாது.

ஆனால் நமக்குக் கூசுகிற சில காரியங்கள் அங்கே சகஜம். கிண்ணத்தைத் தூக்கி வாயருகே வைத்துச் சோற்றைத் தள்ளலாம். நூடுல்ஸை 'சர்ர்' என்று உறிஞ்சலாம். ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சுகிற நமக்கு அதில் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

சோறு எங்கே?

கீரை வந்தது. காளான் வந்தது. வாத்து வந்தது. சூப் வந்தது. சிப்பி போட்ட ஆம்லெட் வந்தது, சியாமெனின் பெருமை அது. கடற்கரைப் புழுவை ஜெல்லி ஆக்கிய ஒரு பதார்த்தமும் வந்தது, அதுவும் சியாமெனின் பெருமைதான். அந்தப் பெருமையை நாங்கள் தூர இருந்தே மதித்தோம்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் என் காதில், "தம்பி, சோறு எப்ப வரும்? நான் சோத்துக்கு இடம் வெச்சுக்கிட்டே சாப்பிடறேன்."

"கடைசியில வரும்ணா. கேட்டுராதீங்க."

இதுதான் ரொம்ப முக்கியமான சமாசாரம். நமக்குச் சோறு மாப்பிள்ளை. கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் மாப்பிள்ளைத் தோழர்கள். அங்கே விருந்தென்றால் தோழர்களுக்குத்தான் பந்தி. மாப்பிள்ளை கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பார். சோறோ நூடுல்ஸோ கடைசியில் வருவது, 'யாருக்காவது வயிற்றில் இன்னும் மூலை பாக்கி இருந்தால் நிரப்பிக் கொள்ளுங்கள்' என்பதற்காக. நடுவிலேயே சோறு கேட்டால், 'உங்க பதார்த்தம் பத்தல' என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி.

எனக்கு வேறு கவலை. நான் சைவம். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. அவர்கள் அகராதியில் கறி என்றால் பெரும்பாலும் பன்றிக் கறிதான். மீனும் கோழியும் அந்தக் கணக்கில் வராமல் போய் விடும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தந்து 'இது வெறும் கீரை' என்பார்கள். சொல்ல வேண்டிய சொல் 'சு'. 'வோ ச்சர் சு' என்றால் 'நான் சைவம் சாப்பிடுகிறவன்'. புத்த கோயில் சம்பந்தப்பட்ட சொல் என்பதால் சட்டென்று மரியாதை வருகிறது. சியாமெனில் நான்புதுவோ என்ற பெரிய புத்த கோயிலை ஒட்டியே சைவ ஓட்டல் இருக்கிறது. பூண்டு, வெங்காயம் கூடச் சேர்க்காத சமையல். அடுத்த நாள் மதியம் லாவ்பான் எனக்காகவே எல்லோரையும் அங்கே கூட்டிப் போனார். அன்று சனிக்கிழமை. பெருமாளுக்கு விரதம் இருக்கும் எங்க முதலாளிக்கும் சௌகரியமாகப் போயிற்று.

அப்புறம் எச்சில் விவகாரம். அன்பு மிகுந்தால் அழைத்தவர் தன் குச்சியாலேயே ஒரு துண்டை எடுத்து உங்கள் கிண்ணத்தில் வைப்பது பழைய வழக்கம். நமக்கு உடம்பெல்லாம் கூசும். அவருக்கோ, அது அம்மா கையால் உருட்டிக் கொடுக்கிற சோற்று உருண்டை. 2003-ல் சார்ஸ் வந்தது, 2020-ல் கொரோனா வந்தது. இப்போது பல இடங்களில் பரிமாறுவதற்கென்று தனியாகப் 'பொதுக் குச்சி' வைக்கிறார்கள். எங்கள் மேசையிலும் வேறு நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது. எச்சில் பார்க்கிற நம்ம பாட்டிகள் இத்தனை வருஷமாகச் சொன்னது இதைத்தானே!

மீன் படுத்திருக்கட்டும்

முழு மீன் வந்தது, தலை எங்கள் முதலாளியைப் பார்த்தபடி. அது மரியாதை. அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடலாம். மேல் பக்கம் தீர்ந்ததும் மேனேஜர் மீனைப் புரட்டக் கை நீட்டினார். மொழிபெயர்ப்புப் பெண் பதறித் தடுத்தார்.

கடலோர ஊர் அல்லவா? மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்று நம்பிக்கை. நடு முள்ளை மேலே தூக்கி எடுத்து விட்டு, அடிப்பக்கத்தை அப்படியே சாப்பிடுகிறார்கள். "நம்ம ஊர்ல கெளம்பும் போது 'எங்க போறே'ன்னு கேக்கக் கூடாதுங்கறாங்களே, அதும் மாதிரி" என்று மேனேஜர் உடனே புரிந்து கொண்டார்.

அடுத்து பாட்டில் வந்தது. பைஜியூ. சோளத்தில் வடிக்கிற சாராயம், பல ரகங்கள் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் போதை. சின்னக் கோப்பையில் ஊற்றி 'கன்பெய்' என்பார்கள். 'கோப்பையைக் காய வை' என்று அர்த்தம். காய வைத்தால் உடனே ஈரமாக்கி விடுவார்கள். மேசையில் பத்து பேர் என்றால் பத்து பேரும் தனித்தனியே உங்களிடம் வந்து காய வைப்பார்கள். முதல் தடவை போகிற இளைஞர்கள் பலர் இங்கேதான் கவிழ்கிறார்கள். மீன் அல்ல, ஆள்!

குடிக்காதவன் என்ன செய்வது? அதற்கும் மரியாதையான வழி வைத்திருக்கிறார்கள். 'மதுவுக்குப் பதில் தேநீர்' என்று சொல்லி டீக்கிண்ணத்தை உயர்த்தலாம். ஆரம்பத்திலேயே சொல்லி விட வேண்டும். மூன்று கோப்பை குடித்து விட்டு நாலாவதில் 'நான் குடிக்க மாட்டேன்' என்றால் எடுபடாது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, மோதும் போது நம்ம கிண்ணத்தின் விளிம்பு பெரியவர் கோப்பைக்கு ஒரு விரல் கீழே இருக்கும்படி பார்த்துக் கொண்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 2011 மே மாதத்திலிருந்து அங்கே குடித்து விட்டு வண்டி ஓட்டுவது கிரிமினல் குற்றம். அதனால் 'நான் ஓட்டணும்' என்கிற உள்ளூர்க்காரர்களும் டீக்கிண்ணத்தோடுதான் நிற்கிறார்கள். நான் தனியாக இல்லை.

காலித் தட்டின் கதை

மேனேஜர் நல்ல குடும்பத்துப் பிள்ளை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். கிண்ணத்தைத் துடைத்த மாதிரி வைத்தார். உடனே லாவ்பான் நிரப்பினார். மரியாதைக்கு அதையும் முடித்தார். மறுபடி நிரப்பினார். மேனேஜர் நெற்றியில் வேர்வை. "தம்பி, இவரு என்னைக் கொல்லாம விட மாட்டாரு போலிருக்கே."

பழைய சீன வழக்கப்படி கிண்ணம் காலி என்றால் 'இன்னும் பசி' என்று அர்த்தம். கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் 'வயிறு நிறைஞ்சு போச்சு'. மேசையில் பதார்த்தம் மிஞ்சினால்தான் அழைத்தவருக்குக் கௌரவம். ஆனால் இதுவும் மாறி வருகிறது. 2013-ல் 'காலித் தட்டு' இயக்கம் வந்தது. 2021 ஏப்ரலில் உணவை வீணாக்குவதற்கு எதிராகச் சட்டமே போட்டு விட்டார்கள். வாடிக்கையாளரை அளவுக்கு மேல் ஆர்டர் பண்ண வைக்கிற ஓட்டலுக்குப் பத்தாயிரம் யுவான் வரை அபராதம் உண்டு. மிச்சத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவது இப்போது கௌரவக் குறைச்சல் இல்லை. மலேசியத் தமிழர்கள் 'தாப்பாவ்' என்பார்களே, அந்தச் சொல் இவர்களுடையதுதான்.

ஆகவே இன்றைய சூத்திரம் இது: பொதுத் தட்டில் இருப்பது அவர் பாடு. உங்கள் கிண்ணத்தில் ஒரு வாய் மட்டும் பாக்கி வைத்து, குச்சியைப் பக்கத்தில் அதன் தாங்கியில் படுக்க வைத்து விடுங்கள். மேனேஜர் அப்படியே செய்தார். உயிர் பிழைத்தார்.

பில் வந்தது. எங்கள் முதலாளி பர்ஸை எடுத்தார், லாவ்பான் கையைப் பிடித்துத் தள்ளினார். முதலாளி மறுபடி எடுத்தார், அவர் மறுபடி தள்ளினார். நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் "நான் எடுக்கறேன்", "அட, நான் எடுக்கறேன்" என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்பார்களே, அச்சு அசல் அதே சண்டை. அழைத்தவர்தான் கொடுப்பார். ஆனால் விருந்தாளி சண்டை போடாமல் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது. ஆளுக்குப் பாதி என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

கல் பேசியது

மூன்றாம் நாள் காலை, டீப் பலகை முன்னால், லாவ்பானே ஆரம்பித்தார். "அந்த நாலு கல்லை நேரில் பார்க்கலாமா?"

சியாமெனிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம், சுய்தோவ் என்ற ஊர். கல் அறுப்பதற்கென்றே இருக்கிற ஊர். உலகத்துக் கல் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில், எங்க குவாரியின் சிவப்புப் பெயின்ட் நம்பரோடு எங்க கல்! வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்தது போல மேனேஜர் அதைத் தடவிக் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றிக் காய விட்டுப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் கடைசியில் காயும். இரண்டு கல்லில் கோடு தெரிந்தது. இரண்டில் தெரியவில்லை. மேனேஜரும் லாவ்பானும் பாஷையே இல்லாமல், கையால் தடவிக் காட்டியே ஒத்துக் கொண்டார்கள். இரண்டு கல்லுக்கு விலையைக் குறைப்பது, பத்துக்கு முழுப் பணம். ஃபைல் அப்போதுதான் வெளியே வந்தது, கையெழுத்துக்கு. அந்த மாசமே குவாரி ஆட்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்தது.

விருந்து சாப்பிட்டதால் விரிசல் மறையவில்லை. பந்தி கல்லை மாற்றாது. கல்லைப் பற்றிப் பேசுகிற குரலை மாற்றும். முதல் நாளே ஃபைலை விரித்திருந்தால் அவர் ஆட்கள் முன்னால் 'உன் பேச்சு பொய்' என்று சொன்ன மாதிரி ஆகியிருக்கும். மூன்று நாள் ஒரே தட்டைச் சுற்றிச் சாப்பிட்ட பிறகு, 'வாங்க, சேர்ந்து பார்ப்போம்' என்று ஆனது.

சுய்தோவ் இருப்பது ச்சுவான்ச்சோவ் என்ற பழம்பெரும் துறைமுக நகரத்தின் எல்லைக்குள். அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 1281-ம் வருஷத்தது! குப்ளாய் கான் காலத்தில் அங்கே தமிழ் வியாபாரிகள் சிவனுக்குக் கோயில் எழுப்பிய சேதி. கடைசியில் சீன எழுத்தும் உண்டு. அந்த ஊர் கையுவான் புத்த கோயிலின் பின்பக்கம் இரண்டு தூண்களில் நம்ம புராணச் சிற்பங்கள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தமிழர்களும் இதே ஊரில் இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து, 'சோறு எப்ப வரும்' என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காவேரிப்பட்டினத்தில் லாவ்பான்

அதே வருஷம் மாங்காய் சீசனில் கல் பார்க்க லாவ்பான் வந்தார். மதியம் முதலாளி வீட்டில் வாழை இலை. இப்போது விழிப்பது அவர் முறை.

சோறு முதலிலேயே வந்ததில் அவருக்கு ஆச்சரியம். 'இவ்வளவுதானா, பதார்த்தம் முடிந்து விட்டதா?' என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு பருப்பு, சாம்பார், ரசம் என்று அலை அலையாக வந்ததும் அசந்து போனார். நல்லபடி சாப்பிட்டு, அவர் ஊர் மரியாதைப்படி, இலையில் ஒரு பிடி சோறும் பாதி வடையும் மிச்சம் வைத்தார்.

முதலாளியின் அம்மாவுக்கு முகம் வாடி விட்டது. "பாவம், புடிக்கல போல இருக்கு. அந்த உருளைக்கெழங்க வெச்சுப் பாரும்மா" என்று மறுபடி பரிமாறச் சொன்னார். அவர் சாப்பிட்டார். மறுபடி மிச்சம் வைத்தார். மறுபடி பரிமாறினார்கள். சியாமெனில் மேனேஜர் பட்ட பாட்டை இங்கே லாவ்பான் பட்டார். மேனேஜர் எதிரே உட்கார்ந்து, ரொம்ப நிம்மதியாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

மோர் ஊற்றினார்கள். லாவ்பான் நன்றியாக இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். "இன்னும் வேணுங்கறாரு, ஊத்துங்க" என்றார் அம்மா. ஊற்ற ஊற்றத் தட்டினார். தட்டத் தட்ட ஊற்றினார்கள். இலையில் தென்பெண்ணை ஓடியது.

நான் ஃபோனில் மொழிபெயர்ப்பைத் தட்டிக் காட்டினேன். 'போதும் என்றால் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.' அவர் மடித்தார். வீடே சிரித்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட, அவரும் கும்பிட்டார்.

விருந்து வைக்கிறவர் கவலை இரண்டு ஊரிலும் ஒன்றே ஒன்றுதான். 'வந்தவர் வயிறு நிறைஞ்சுதா?' அதற்கு பதில் சொல்கிற சைகைதான் ஊருக்கு ஊர் வேறு. அந்தச் சைகையைத் தெரிந்து கொள்ளாமல் போகிறவன் ஒன்று பசியோடு எழுந்திருப்பான், இல்லை அஜீரணத்தோடு.

சீனாவுக்கு டிக்கெட் எடுத்து விட்டீர்களா? இதைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக் கொள்ளுங்கள்:

1. இடம் காட்டும் வரை உட்காராதீர்கள். பெரியவர் தொடும் வரை தொடாதீர்கள்.

2. கார்டு, கோப்பை, பரிசு எல்லாம் இரண்டு கையால்.

3. குச்சியைச் சோற்றில் குத்தாதீர்கள், கிண்ணத்தில் தட்டாதீர்கள், ஆளை நோக்கி நீட்டாதீர்கள்.

4. சைவம் என்றால் 'வோ ச்சர் சு'. மது வேண்டாம் என்றால் முதல் சுற்றிலேயே டீக்கிண்ணம்.

5. மீனைப் புரட்டாதீர்கள்.

6. பரிசாகக் கடிகாரம் கொடுக்காதீர்கள். 'கடிகாரம் தருவது' என்பதும் 'ஈமக் காரியம் செய்வது' என்பதும் அவர்கள் பேச்சில் ஒரே ஓசை. நாலு என்ற எண்ணும் சாவு ஓசை. எட்டு ரொம்ப நல்லது.

7. விருந்து மேசையில் பாக்கிப் பணம் கேட்காதீர்கள். டீ மேசையில் அவரே கேட்பார்.

8. ஊறுகாய் எடுத்துப் போங்கள். ஆனால் பொறுமையாக இருங்கள். சோறு கடைசியில்தான் வரும். வந்தே தீரும்!